மலைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டதுதான். 2001ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். முள்ளியவளையில், வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில்.

மூக்கன் ரியூப்பை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தினார். குமிழி வந்த இடங்களை ரஜிதா ஈர்க்கில் முனையால் குத்தி அடையாளம் செய்தாள். மூன்று ஓட்டை. தடையால் சாமான் வராத காலம் அது, கடையில் ஒட்டு கிடைக்காது. செத்துப்போன ஒரு ரியூப்பிலிருந்து துண்டு வெட்டி, மண்கடதாசியால் தேய்த்து, குப்பியின் அடியில் இறுகிக்கிடந்த பசையைக் கிளறி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். ரஜிதா துண்டின் மேல் பேனை மூடியை வைத்து வட்டம் கீறி, அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினாள்.

"ஒட்டுக்குமா பிளான் கீறுற?" என்றார் மூக்கன்.

"மூலை இருந்தால் மூலையில கிளம்பும் அப்பா. வட்டத்துக்கு மூலையில்லை."

"சரிங்க இஞ்சினியர் அம்மா."

அவள் இன்ஜினியர் இல்லை. நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறுகிறவள். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்தவள். ஆனால் மூக்கனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரியூப்பைச் சில்லுக்குள் தள்ளி, ரயரைக் கரண்டிக் காம்பால் ஏற்றி, காற்றடித்தார்கள். மாறி மாறி அடித்தார்கள். பிறகு அவர் சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் பின் கரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"ஆருக்கு இந்த மெத்தை?"

"அம்மாவ ஒருக்காக் கூட்டிட்டுப் போகணும்."

"எங்க, ஆசுப்பத்திரிக்கோ?"

"இல்ல புள்ள. பக்கத்திலதான்."

அவளுக்கு அன்று வேலை கிடந்தது. மேலே கேட்கவில்லை.

அடுத்த நாள் மூக்கனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் ஆசுப்பத்திரியில் முடிந்துவிட்டது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தெட்டு.

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் மூக்கன். லயம் என்கிற கூலி வரிசை வீட்டின் கடைசிக் காம்பிரா, ஒரே அறை. பதினாறு வயதில் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே, மேசை மட்டத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. ஒரே வெட்டு. வெட்டு வாய் சிதையக்கூடாது. சிதைந்தால் கங்காணி செடியைக் காட்டாமல் பரம்பரையைக் காட்டி ஏசுவான்.

1977 ஆவணிக் கலவரத்தில் லயம் எரிந்தது. மனைவி சிவலட்சுமி, நாலு வயது ரஜிதா, ஒரு மூட்டை, அந்தக் கத்தி. இவ்வளவோடு லொறி ஏறி வவுனியாவில் இறங்கினார். அங்கிருந்து வட்டக்கச்சி. சேறு பழகினார், கிணறு வெட்டினார், நெல்லு அடித்தார். பத்தொன்பது வருடம் கழித்துச் சண்டையால் வட்டக்கச்சியையும் விட்டு ஓட வேண்டி வந்தது. முள்ளியவளைக்கு வந்தபோதும் கத்தி கூடவே வந்தது.

முள்ளியவளையில் அவருக்கு அமைந்தது கிளுவை வேலி போட்ட ஒரு துண்டுக் காணி. ஊரில் எல்லாருடைய வேலியும் தன்பாட்டுக்கு வளரும். மூக்கனுடைய வேலி மட்டும் மேசை மாதிரி நிற்கும். அத்தனை கிளையிலும் ஒரே சரிவில் வெட்டு.

"வேலியில கொழுந்து ஆயப் போறியளோ, மூக்கண்ணை?" என்று பக்கத்து வளவிலிருந்து வீரபாகு கேட்பார்.

"ஆஞ்சா உனக்குத்தான் முதல் தேத்தண்ணி."

வீரபாகு மாடு வைத்திருப்பவர். மாடுகளைக் காட்டில் விட்டுவிட்டு, தேவைப்படும்போது தேடிப் போவார். சாணியைக் கண்டே யாருடைய மாடு என்று சொல்வார் என்பது ஊர்க் கதை. அவருக்கும் மூக்கனுக்கும் பகல் முழுக்க வேலிக்கு மேலால் வாய்ச் சண்டை. பின்னேரம் ஒரே சுருட்டு.

மூக்கனுக்கு இந்த மண்ணில் ஒரே ஒரு குறைதான். சோற்றுக்குக் குறை சொல்ல மாட்டார், சனத்தைக் குறை சொல்ல மாட்டார். "இங்க கண்ணுக்குப் போறதுக்கு இடமில்ல" என்பார். "எங்க பார்த்தாலும் அடுத்த மரத்தோட முடிஞ்சு போகுது."

மலையில் அவருடைய தாயைப் புதைத்த இடம் இருந்தது. சிவலட்சுமியின் அக்கா இன்னமும் அதே தோட்டத்தில் இருந்தாள், அல்லது இருந்தாள் என்று நம்பினார்கள். கடிதம் போட்டால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. போய்ப் பார்ப்பதென்றால் இந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ், அந்தப் பக்கம் ஆமியின் பாஸ், இரண்டு அனுமதியும் வேண்டும். அதைப் பற்றி வீட்டில் கதைப்பதையே விட்டுவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு ஆனி மாதம். பாலைப்பழக் காலம். வீரபாகு ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பழம் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். தெற்கே, காட்டுக்குள் ஒரு பெரிய கல்லடியில் பொறுக்கியதாம்.

"எவ்வளவு பெரிய கல்லு?" என்றார் மூக்கன்.

"மரத்துக்கு மேலால தெரியும். மேல ஏறினால் நாலு பக்கமும் வெளி."

"அப்ப மலைன்னு சொல்லு."

"உங்களுக்கு மலை. எங்களுக்குக் கல்லு."

"அதில ஏறித் தெக்கால பார்த்தா, எங்க மலை தெரியுமா?"

வீரபாகு சிரித்தார். "நான் மாடு பார்க்க ஏறுறனான். மலை பார்க்க ஆர் ஏறினது?"

அன்றிலிருந்து மூக்கன் வேறு ஆள். போக வழியில்லை, சரி. பார்க்க முடியுமா? இந்த ஒன்றையே வீட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் காவித் திரிந்தார். இரண்டு கிழமை கழித்து ரஜிதாவிடம் வந்தார்.

"நீயும் வா புள்ள. உனக்குத் திசை தெரியும்."

சிவலட்சுமி ரொட்டி தட்டி, சம்பலை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். வேலிப் படலை வரை வந்தாள். "தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்றாள். ஓரடி வைத்த பிறகு, "தெரியாட்டியும் வந்து சொல்லுங்க" என்றாள்.

விடிய வெளிக்கிட்டார்கள். இரண்டு சைக்கிள், மூன்று மணித்தியாலம். தார் முடிந்து கிரவல், கிரவல் முடிந்து மணல். வீரபாகு சொன்ன இரட்டை முதிரை மரத்தடியில் சைக்கிள்களைச் சாத்திப் பூட்டினார்கள். றோட்டு தெற்கு வடக்காக ஓடியது. கல்லு அதற்குக் கிழக்கே. ஆமி வந்து போகாத பக்கம் அது. அதனால்தான் வீரபாகு போகச் சொன்னார்.

முதிரையின் அடியில் வாடிய குழைகள் குவிந்து கிடந்தன. காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஒரு குழை முறித்து வைத்து, பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். மூக்கன் வீரை மரக் கொப்பொன்றைக் கத்தியால் சரிவாக வெட்டி வைத்தார்.

"முறிச்சு வைக்கிறதாம் அப்பா. வெட்டுறதில்லை."

"பிள்ளையாருக்குச் சுத்தமான வெட்டுப் பிடிக்கும்."

பாதை என்று ஒன்றும் இல்லை. காரையும் சூரையும் ஆளுயரத்துக்குப் பின்னிக்கிடந்தன. நிமிர்ந்து நடந்தால் முகத்தில் முள், குனிந்து நடந்தால் முதுகில் முள். மூக்கன் முன்னே போனார். இருபது முப்பது அடிக்கு ஒரு கிளை, முழங்கால் உயரத்தில், திரும்பிவரும் பக்கம் பார்த்த சரிவு வெட்டு. ரஜிதா பின்னால் காலடி எண்ணினாள். இரண்டாயிரத்து நூறாவது அடியில் ஒரு பெரிய பாலை. அடியில் பழம் சிதறியிருந்தது. பட்டையில் நாலு நீளக் கீறல்.

"கரடி" என்றாள் ரஜிதா மெதுவாக.

மூக்கன் கீறலில் விரல் வைத்துப் பார்த்தார். "காஞ்சு போச்சு. நேத்து வந்து போயிருக்கான்." பிறகு பெரிதாக இருமினார். அங்கிருந்து கல்லடி வரும் வரை, நூறு அடிக்கு ஒரு தரம், முதலாளி வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி இருமிக்கொண்டே நடந்தார். அந்த இருமலை நினைத்து ரஜிதா பிற்பாடு பல தடவை சிரித்திருக்கிறாள்.

கல்லு திடீரென்று வந்தது. மரங்களுக்கு நடுவே கறுப்பாக, யாரோ கவிழ்த்துவிட்டுப் போன பானை போல. ஏறத் தொடங்கியதும் மூக்கனுக்கு வயது குறைந்தது. பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலில் கை வைக்காமல், ஒரே சீராக ஏறினார். அவரை அப்படி நடக்க ரஜிதா கண்டதே இல்லை. வயல் வரம்பில் வழுக்குகிற, மணலில் சைக்கிளைத் தள்ள முடியாமல் திணறுகிற மனிதரைத்தான் அவளுக்குத் தெரியும். சரிவில் அவர் ஒரு தொழில்காரர்.

"மூச்ச விட்டுக் கதைக்காத" என்றார் திரும்பிப் பார்க்காமல். "மலையில கதைக்கிறவன் பாதியில நிப்பான்."

"இது மலையில்லை அப்பா, கல்லு."

"நீயும் வீரபாகு மாதிரிக் கதைக்காத."

உச்சியில் ஒரு பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மூக்கன் முகம் கழுவினார், துண்டால் துடைத்தார். பிறகு பையைத் திறந்து ஒரு வெள்ளைச் சேட்டை எடுத்தார். தோய்த்து, சிரட்டைக்கரி போட்டு அயர்ன் பண்ணின சேட்டு. வேர்த்த சேட்டைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு, மேல் பொத்தான் வரை பூட்டினார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் தெருமுனையில் நின்று சரிபார்த்துக்கொள்வது போலத் தலையையும் வாரிக்கொண்டார். தெற்கே பார்த்து உட்கார்ந்தார்.

ரஜிதா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கீழே காடு எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாகக் கிடந்தது, அப்பா வெட்டின வேலி மாதிரி. சோழகக் காற்று புழுதியைக் கிளப்பி, அடிவானத்தைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. அந்தச் சாம்பலுக்குள், தெற்கே, ஏதோ கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது.

"அந்தா, நீலமாத் தெரியுது பாரு."

"அது முகில் அப்பா."

"முகில் அசையும். அது அசையல."

"தூரத்தில இருந்தால் அசையிறது தெரியாது." அவள் ஒரு கல்லை எடுத்துப் பாறையில் வளைவு ஒன்று கீறினாள். பூமி உருண்டை. நாம் நிற்கிற உயரம், கடல் மட்டத்திலிருந்து ஒரு நூற்றிருபது மீற்றர் இருக்கும். இந்த உயரத்திலிருந்து அடிவானம் நாற்பது கிலோமீற்றர். "அதுக்கு அங்கால உள்ளதெல்லாம் வளைவுக்குக் கீழ போயிடும். உங்கட மலை நூற்றெண்பது கிலோமீற்றர்."

மூக்கன் அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப தெரியாதா?"

"தெரியாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே தெரியாது அப்பா. கணக்கு."

ரொட்டியைச் சாப்பிட்டார்கள். சம்பல் நல்ல உறைப்பு. ஒரு பருந்து அவர்களுக்குக் கீழே வட்டமடித்தது. "பருந்தோட முதுகப் பார்த்து இருபத்து மூணு வருசம்" என்றார் மூக்கன். குரலில் மனத்தாங்கல் ஒன்றும் தெரியவில்லை.

இறங்கும்போது வந்த வழியால் இறங்க அவர் சம்மதிக்கவில்லை. "அது முழுக்க முள்ளு. தண்ணி இறங்குற பக்கம் இறங்குவோம். தண்ணியோட போனா லயத்துக்கோ றோட்டுக்கோ வந்துரலாம்." மலையில் சின்ன வயதிலிருந்து அவர் அறிந்த விதி அது. எந்த மூடுபனியிலும் அவரை வீடு சேர்த்த விதி.

கல்லின் கிழக்குப் பக்கம் ஒரு வறண்ட ஓடை இறங்கியது. அதோடு போனார்கள். கால் மணித்தியாலத்தில் ஓடை இரண்டாகப் பிரிந்தது. பெரியதைப் பிடித்தார்கள். அது மூன்றாகியது. பிறகு ஒவ்வொன்றும் ஒரு முழ அகலமாகி, ஒரு சாண் அகலமாகி, ஈச்சம்பற்றைகளுக்கு நடுவே மணலில் இல்லாமல் போயிற்று. இந்த வன்னி மண்ணில் தண்ணீருக்குப் போகிற அவசரம் கிடையாது. மட்டமான நிலத்தைக் கண்டதும் பரவிப் படுத்துவிடும். இது மாடு மேய்க்கிற எந்த வன்னியானுக்கும் தெரியும். மலையில் பிறந்தவருக்குத் தெரியவில்லை.

மூக்கன் மணலைக் காலால் கிளறினார். நாலு பக்கமும் பார்த்தார். எங்கும் அதே உயரம், அதே முள்.

"தண்ணி எங்க போச்சு?" என்றார். களவு கொடுத்தவர் கேட்பது போல இருந்தது.

ரஜிதா மணிக்கூட்டையும் வெயிலையும் பார்த்தாள். மணி மூன்றரை. ஆனி மாதத்துச் சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து விழும். றோட்டு மேற்கே, தெற்கு வடக்காக, தப்பவே முடியாத நீளக் கோடு. "வெயிலை வலக்கண்ணுக்கு நேரே வைச்சு நடப்பம். எங்கையாவது றோட்டை வெட்டுவம்." கத்தியை அவள் வாங்கிக்கொண்டு முன்னே போனாள். அவர் பின்னால் வந்தார். ஒரு சூரைப் பற்றையில் வெள்ளைச் சேட்டு மாட்டி, முழங்கைக்கு மேல் கிழிந்தது. அதை அவர் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். இருமவும் இல்லை.

பொழுது படுகிற நேரம் றோட்டில் ஏறினார்கள். முதிரை மரத்திலிருந்து ஒரு கட்டை, ஒரு மைல், வடக்கே. அவ்வளவுதான் பிழை.

"கணக்குன்னா கணக்குத்தான்" என்றார் மூக்கன். மெய்யாகவே பெருமைப்பட்டார். அவளுக்கும் பெருமையாக இருந்தது. காலையில் சொன்னதும் பின்னேரம் செய்ததும், இரண்டும் சரி.

வீட்டுப் படலையில் சிவலட்சுமி நின்றாள். "தெரிஞ்சுச்சாங்க?"

மூக்கன் சைக்கிளைச் சாத்தினார். "புள்ளயக் கேளு."

"தெரியாதம்மா" என்றாள் ரஜிதா. "அவ்வளவு தூரத்துக்குத் தெரிய வழியில்லை."

"அப்பிடியா" என்று சொல்லிவிட்டுச் சிவலட்சுமி குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வர நேரமெடுத்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கல்லைப் பற்றிக் கதைக்கவில்லை. மூக்கன் வேலியை வெட்டினார். மாரி வந்தது, போயிற்று. தைப்பொங்கலுக்குப் பொங்கினார்கள். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டார்கள்.

செத்த வீட்டில், அவருக்கு எந்தச் சேட்டைப் போடுவது என்று கேட்டார்கள். சிவலட்சுமி எழுந்து போய் அலுமாரியிலிருந்து அந்த வெள்ளைச் சேட்டை எடுத்து வந்தாள். முழங்கைக்கு மேலே கிழிசலைச் சின்னத் தையலாகத் தைத்திருந்தாள். அயர்ன் பண்ணி மடித்து வைத்திருந்தது. ஏன் அது முன்கூட்டியே தயாராக இருந்தது என்று ரஜிதா அப்போது யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் வீரபாகு வந்தார். வேலிக்கு மேலால் கதைத்துப் பழகியவர், முற்றத்துக் கதிரையில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நுனியில் இருந்தார்.

"மனுசன் ஒருக்காப் பார்த்திட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"எதை மாமா?"

"மலையைத்தான். மார்கழிக் கடைசியில மாடு ஒண்டைத் தேடிப் போய்க் கல்லில ஏறினனான். நாலு நாள் மழை விட்ட காலமை, புழுதி ஒரு பொட்டு இல்லை. தெற்கால நீலமா, பல்லுப் பல்லா நிக்குது. வெயில் ஏற மறைஞ்சு போச்சு. வந்து மூக்கண்ணைக்குச் சொன்னன். பொங்கல் முடியட்டும், சிவலட்சுமியையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டார்."

ரஜிதா குசினிப் பக்கம் பார்த்தாள். அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை அம்மா?"

"நீ இல்லன்னு சொல்லிட்டியே புள்ள. அதுக்கு மேல சொன்னா உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னாரு. பார்த்திட்டு வந்து சொல்லலாம்னாரு."

வீரபாகு போன பிறகு ரஜிதா மேசையில் இருந்து, அலுவலகக் கடதாசி ஒன்றின் பின்பக்கத்தில் கணக்கைத் திரும்பச் செய்தாள். கல்லின் உயரம் நூற்றிருபது மீற்றர். அடிவானம் முப்பத்தொன்பது கிலோமீற்றர். அன்று இதோடு நிறுத்தியிருந்தாள். மலைக்கும் உயரம் உண்டு. ஆயிரத்து எண்ணூறு மீற்றர். அதன் உச்சியிலிருந்து அடிவானம் நூற்றைம்பத்தொரு கிலோமீற்றர். இரண்டையும் கூட்ட வேண்டும். நூற்றுத் தொண்ணூறு. தூரம் நூற்றெண்பது.

தெரியும். பத்துக் கிலோமீற்றர் மிச்சம் வைத்துத் தெரியும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் விடாத பிழை. இங்கே நிற்கிற ஆளின் உயரத்தை மட்டும் எடுத்தாள், அங்கே நிற்கிறதை எடுக்கவில்லை. தாளை அவள் மூன்று தடவை சரிபார்த்தாள். மூன்று தடவையும் நூற்றுத் தொண்ணூறு.

அன்று ஆனியில் அவர் கண்டது முகிலா, மலையா என்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். "அம்மா, நான் பிழையாச் சொல்லிட்டன்" என்றாள். "அங்கயிருந்து தெரியும்."

சிவலட்சுமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்க்கவில்லை. "அவருக்குத் தெரியும்" என்றாள். விறகைத் தள்ளிவிட்டு, "எவ்வளவு நேரம் சைக்கிள்ல இருக்கணும்?" என்று கேட்டாள்.

"மூண்டு மணித்தியாலம். பிறகு நடை. முள்ளு."

"முள்ளு இருக்கட்டும். மழை விட்ட காலையிலதான் தெரியுமாம்."

மழை தையோடு நின்றுவிட்டது. மாசி முழுக்கப் பனியும் புகார் மூட்டமும். பங்குனியில் வெயில். அடுத்த மழைக்கு ஐப்பசி ஆகும். இப்போது வைகாசி; அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

சைக்கிள் கிணற்றடியில் நிற்கிறது. கிழமைக்கு ஒரு தரம் ரஜிதா பெருவிரலால் ரயரை அமுக்கிப் பார்க்கிறாள். மூன்று ஒட்டும் கிளம்பவில்லை. அவர் கட்டிவிட்ட சாக்கு, நாலாக மடித்தபடி, கரியரில் அப்படியே இருக்கிறது.